'மாட்டன்' சொல்லும் வயது: பள்ளிக்கூடம் போகுமுன் பிள்ளையின் மனம் வளரும் விதம்

யாழ்ப்பாணத்தில் ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளை உள்ள எந்த வீட்டுக்குப் போனாலும் இந்த முறைப்பாட்டைக் கேட்கலாம்: "முந்தி எவ்வளவு நல்ல பிள்ளை! இப்ப எதுக்கெடுத்தாலும் மாட்டன், மாட்டன் எண்டு நிக்குது." சோறு தீத்தப் போனால் கோப்பையைத் தட்டிவிடும். குளிக்கவார்த்துச் சட்டை போட்டுவிட்டால் கழற்றி எறிந்துவிட்டு முற்றத்துக்கு ஓடும். அம்மம்மா நாவூறு என்று சொல்லிச் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவார். தகப்பன், "செல்லம் கூடிப்போச்சு" என்பார். தாய் இரண்டையும் கேட்டுக்கொண்டு, தான் எங்கே பிழை விட்டோம் என்று யோசிப்பார்.

யாரும் பிழை விடவில்லை. அந்த வயதில் பிள்ளை செய்யவேண்டிய வேலையே அதுதான்.

வயதுக்கு வயது பிள்ளையின் மனதுக்கு ஒவ்வொரு வேலை இருக்கிறது என்று ஒழுங்குபடுத்திச் சொன்னவர்களில் முக்கியமானவர் எரிக் எரிக்சன். 1902 இல் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரில் பிறந்தவர். தாய் டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண். பெற்ற தகப்பன் யார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. வளர்த்தவர் பிள்ளை வைத்தியரான இன்னொருவர். இளவயதில் படம் வரைந்துகொண்டு ஊர் ஊராகத் திரிந்தவர், 1927 இல் வியன்னாவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். பேசவைத்து ஆழ்மனதை ஆராயும் உளப்பகுப்பாய்வு முறையைத் தொடக்கிவைத்த சிக்மண்ட் பிராய்டின் மகள் அன்னா பிராய்டிடம் அங்கேதான் அந்த முறையைப் பயின்றார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது குடும்பத்தோடு புறப்பட்டு அமெரிக்கா போனார். போன இடத்தில் குடியுரிமை கிடைத்தபோது குடும்பப் பெயரையே புதிதாக வைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும்.

பிராய்ட், பிள்ளையின் உடலையும் அதன் இச்சைகளையும் வைத்துத்தான் மன வளர்ச்சியை விளக்கினார். எரிக்சன் அதை மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையைச் சுற்றி நிற்கிற ஆட்களையும் கணக்கில் சேர்த்தார். பிள்ளைக்குள்ளே நடப்பதும், அதற்குச் சுற்றி உள்ளவர்கள் பதில் சொல்லும் விதமும் சேர்ந்துதான் ஒரு ஆளை உருவாக்குகின்றன என்றார். உளசமூக வளர்ச்சி என்று இதைச் சொல்வது அதனால்தான். 1950 இல் வெளியிட்ட நூலில், பிறப்பில் இருந்து முதுமை வரை எட்டுக் கட்டங்களை அவர் விவரித்தார். மனைவி ஜோனுக்கும் அந்த யோசனையில் பெரிய பங்கு உண்டு. எட்டில் முதல் மூன்றும் முதலாம் தரத்துக்குப் போகுமுன்னே நடந்து முடிகின்றன.

ஒவ்வொரு கட்டத்திலும் எதிரெதிரான இரண்டு இழுவைகள் உண்டு. நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் துரத்துவதுதான் வளர்ச்சி என்று நினைத்துவிடக் கூடாது; ஆரம்பத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். முதல் கட்டத்தில் நம்பிக்கையும் அவநம்பிக்கையும் இழுபடுகின்றன. முழுக்க முழுக்க நம்பிக்கையோடு வளரும் பிள்ளை, தெருவில் போகிற யாருடைய கையையும் பிடித்துக்கொண்டு போய்விடும். கறிக்கு உப்பு மாதிரி, அவநம்பிக்கையும் கொஞ்சம் வேண்டும். எது தூக்கலாக நிற்கிறது என்பதே கேள்வி.

சரி, முதல் கட்டம். பிறந்ததில் இருந்து ஏறத்தாழ ஒன்றரை வயது வரை. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும் தாயின் முகம் இருக்கிற தூரம் அது. குழந்தை அழுகிறது, யாரோ வருகிறார்கள். பசித்தால் பால் வருகிறது, ஈரமானால் துணி மாறுகிறது, ஏணை ஆடுகிறது. இது நாளுக்குப் பல தடவை, மாதக்கணக்காக நடக்கும்போது, 'நான் கூப்பிட்டால் ஆள் வரும்' என்ற கணக்கு அதற்குள் பதிகிறது. சொல் இல்லாத வயதில் பதிகிற கணக்கு. எவ்வளவு பால், எத்தனை முத்தம் என்பதைவிட, வருகிற ஆள் ஒரே சீராக, நம்பக்கூடிய விதமாக வருகிறாரா என்பதையே எரிக்சன் முக்கியமாகச் சொன்னார்.

இந்தக் கட்டத்தில் எங்கள் ஆட்கள் வள்ளல்கள் என்றே சொல்வேன். 31 ஆம் நாள் துடக்குக் கழித்த கையோடு பிள்ளை ஒரு மடியில் இருந்து இன்னொரு மடிக்குப் போய்க்கொண்டே இருக்கும். அம்மம்மா காலை நீட்டி இருந்து, கால்மேல் கிடத்திக் குளிக்கவார்ப்பார். சின்னம்மா பவுடர் போடுவார். பக்கத்து வீட்டுப் பெடியன் தூக்கிக்கொண்டு வேலி ஓரம் கோழி காட்டப் போவான். அழவிட்டுப் பழக்கு என்ற ஆலோசனை எங்காவது காதில் விழுந்தாலும் இங்கே ஒருவரும் எடுப்பதில்லை. நல்லதுதான்.

ஆனால் எட்டு மாதம் அளவில் ஒரு சிக்கல் வரும். கனடாவில் இருந்து மாமி வருகிறார். வீடியோவில் நாள் தவறாமல் பார்த்து, "என்ர குஞ்சு" என்று கொஞ்சிய பிள்ளை. விமானம் இறங்கி, வான் பிடித்து, பெட்டியைக்கூட இறக்காமல் ஓடிவந்து கையை நீட்டுகிறார். பிள்ளை குளறி அழுது தாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. மாமியின் முகம் வாடிவிடுகிறது. "என்னை ஒட்டுதில்லை" என்று இரண்டு நாளைக்குக் கதை. உண்மையில் அது நல்ல செய்தி. பழகிய முகம் எது, பழகாதது எது என்று பிரித்தறியும் அளவுக்குப் பிள்ளையின் மூளை வளர்ந்திருக்கிறது. நம்பும் ஆள் யார் என்று அது முடிவெடுத்திருக்கிறது. மாமி செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: தூக்க அவசரப்படாமல், கொஞ்சம் தள்ளி நிலத்தில் இருந்து, தாயோடு சிரித்துக் கதைப்பது. பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்துத்தான் மாமியை எடைபோடும். கொஞ்ச நேரத்தில் தானாகவே தவழ்ந்து வந்து மாமியின் காப்பைப் பிடித்துப் பார்க்கும்.

தாய் கண்ணில் படாமல் போனாலும் பெரிய பதற்றமோ கோபமோ இல்லாமல் இருக்கப் பழகுவதுதான் குழந்தையின் முதல் சமூக வெற்றி என்றார் எரிக்சன். தாய் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருக்கிறார், திரும்பி வருவார் என்ற உறுதி உள்ளே இருந்தால்தான் அது முடியும். சேலைத் தலைப்பால் முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டு இருக்கிறதே, அது இதற்கான பயிற்சி. மறைந்தது திரும்ப வந்துவிடும் என்று பிள்ளை நூறு தடவை பரிசோதித்துப் பார்க்கிறது. நூறு தடவையும் சிரிக்கிறது.

இங்கே ஒரு பழக்கத்தை மட்டும் விடலாம். அரச வேலை செய்யும் தாய்க்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலைநாள் பிரசவ விடுமுறை உண்டு. சிலர் அதற்குமேலும் அரைச் சம்பளத்தில் எடுப்பார்கள். எப்படியோ ஒருநாள் வேலைக்குப் போகத்தானே வேண்டும். அன்றைக்கு வீட்டில் உள்ளவர்கள் பிள்ளையைப் பின்வளவுக்குக் கொண்டுபோய்க் காகம் காட்டிப் பராக்காட்ட, தாய் சத்தம் இல்லாமல் படலையைத் திறந்துகொண்டு போய்விடுவார். பிள்ளை அழாது, உண்மைதான். ஆனால் திரும்பிப் பார்க்கும்போது அம்மா இல்லை. எப்போது வேண்டுமானாலும் அம்மா காணாமல் போகலாம் என்று அது படித்துக்கொள்கிறது. பிறகு குளியலறைக்குப் போனாலும் கதவைத் தட்டும். "அம்மா போட்டு வாறன்" என்று முகம் பார்த்துச் சொல்லி, கை காட்டிவிட்டுப் போனால் அழத்தான் செய்யும். அழட்டும். சொன்னபடி திரும்பி வருகிற அம்மாவையும் பின்னேரம் அது பார்க்கிறதே.

பல் முளைப்பதைப் பற்றியும் எரிக்சன் யோசித்திருக்கிறார். அதுவரை பால் குடிப்பதில் வஞ்சகம் இல்லாமல் இருந்த குழந்தை முதல் தடவை தாயைக் கடிக்கிறது. தாய் பதறிப் பின்வாங்குகிறார். பல் ஊனோ உள்ளே வலிக்கிறது. நம்பிக்கைக்கு வரும் முதல் அடி அது என்பது அவருடைய எண்ணம். அமெரிக்காவின் சூ பழங்குடி மக்களிடம் போய்ப் பார்த்து, அங்கே பால்குடிப் பிள்ளை கடித்தால் தாய் தலையில் ஒரு குட்டு வைப்பார் என்றும் எழுதினார். எங்கள் ஊரில் பல் முளைத்தால் தலையில் கொழுக்கட்டை கொட்டுகிறோம். பாயில் இருத்தி, தலைக்கு மேலே துணி பிடித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் போலக் குத்திய கொழுக்கட்டை உருண்டு விழ, சுற்றிவர எல்லோரும் சிரிக்க, பிள்ளை முன்னால் வைத்த புத்தகத்தையோ சங்கிலியையோ எட்டிப் பிடிக்கும். வலியோடு வந்த பல்லை ஊர் கூடி வரவேற்பது எனக்கு மிகவும் பிடித்த வழக்கம்.

இந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும் என்பதற்கு இன்னொரு சான்று போர்க்காலத்தில் இருந்து வருகிறது. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்தபோது, எரிக்சனின் ஆசிரியையான அன்னா பிராய்டும் தோழி டொரதி பேர்லிங்கமும் ஹாம்ஸ்ரெட் பகுதியில் சிறுபிள்ளைகளுக்கான போர்க்காலக் காப்பகங்களை நடத்தினார்கள். அங்கே அவர்கள் கவனித்தது பலரை ஆச்சரியப்படுத்தியது. குண்டு விழுந்த வீட்டில் தாயோடு இருந்த சின்னப் பிள்ளைகள் ஓரளவு சமாளித்தார்கள். பாதுகாப்புக்காகத் தாயைப் பிரித்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்ட சிறு பிள்ளைகள் அதிகம் குலைந்துபோனார்கள். தாய் பயந்தால் பிள்ளையும் பயந்தது. தாய் நிதானமாக இருந்தால் பிள்ளை நித்திரை கொண்டது.

பங்கருக்குள் பிள்ளையை மடியில் வைத்துக் காதைப் பொத்தியபடி இருந்த எங்கள் அம்மாமாருக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது இடுப்பில் இருந்த குழந்தைகள் இன்று தாயும் தகப்பனும் ஆகிவிட்டார்கள். போர் தனி ஆட்களை மட்டும் அல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தும் என்று யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார். சின்னச் சத்தத்துக்கும் பதறுகிற, பிள்ளை கண்ணைவிட்டு மறைந்தால் நெஞ்சு அடிக்கிற பெற்றோர் இங்கே நிறைய இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அவர்களைப் பார்த்து, "நீங்கள்தான் பிள்ளையைப் பயந்தாங்கொள்ளி ஆக்கிறியள்" என்று சொல்பவர்கள் கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம்.

முதல் கட்டத்தில் வள்ளல்கள் என்றேன் அல்லவா, இரண்டாம் கட்டத்தில் நாங்கள் கஞ்சர்கள். ஒன்றரை வயதில் இருந்து மூன்று வரை. தன்னாட்சி ஒரு பக்கம். வெட்கமும் தன்மீதே ஐயமும் மற்றப் பக்கம். பிள்ளை நடக்கிறது, ஓடுகிறது, பிடிக்கிறது, விடுகிறது. மலசலம் கழிப்பதையும் அடக்குவதையும் ஆளத் தொடங்குகிறது. பிடிப்பதும் விடுவதும் தன் கையில் இருக்கிறது என்று கண்டுபிடித்த பிள்ளை, அதை எல்லாவற்றிலும் பரீட்சித்துப் பார்க்கும். கரண்டியைப் போடும், எடுத்துக் கொடுத்தால் திரும்பப் போடும். "மாட்டன்" என்பது இந்த வயதின் சொல். அதற்குச் சோடியாக இன்னொன்றும் உண்டு: "நான்தான்!" கதவை நான்தான் திறப்பன். செருப்பை நான்தான் போடுவன். இரண்டும் ஒரே விசயத்தைத்தான் சொல்கின்றன: என்னை நான் நடத்தப் பார்க்கிறேன், கொஞ்சம் விடுங்கோ.

இரண்டரை வயதுப் பிள்ளை சட்டைத் தெறி பூட்டுவதை ஒருநாள் பொறுமையாக இருந்து பாருங்கள். நாக்கு வெளியே வரும். ஒரு கை துணியை இழுக்க, மறு கை தெறியைத் தேடும். தெறி ஓட்டைக்குள் பாதி போய் வழுகிவிடும். மூச்சு விடும் சத்தம் கேட்கும். மறுபடியும். கடைசியில் மேல் தெறி கீழ் ஓட்டைக்குள் போய், சட்டை ஒரு பக்கம் ஏறி நிற்க, உலகத்தை வென்ற முகத்தோடு நிமிர்ந்து பார்க்கும். இந்த இடத்தில்தான் எங்கள் கை துடிக்கும். "இஞ்ச கொண்டா, நேரம் போகுது." இரண்டு நொடியில் கழற்றிச் சரியாகப் பூட்டிவிடுவோம். வேலை கெதியாக முடிந்துவிடும். 'என்னால் செய்தது சரியில்லை' என்ற ஐயமும் கூடவே பூட்டுப்படும். தினமும் காலையில் இவ்வளவு பொறுமை யாருக்கும் வராது, பள்ளிக்கூட வான் நிற்காது, தெரியும். பின்னேரம் கோயிலுக்குப் போகும்போதாவது, கோணல் தெறியோடு போகட்டும்.

அப்புறம், வெட்கப்படுத்துவது. காற்சட்டையோடு மூத்திரம் போய்விட்டால் விறாந்தையில் உள்ள எல்லோரும் சேர்ந்து "வெக்கம், வெக்கம்" என்று கை தட்டுவது. "ஆக்கள் பாக்கினம், என்ன நினைப்பினம்?" "அங்க பார், தங்கச்சி எவ்வளவு வடிவா சாப்பிடுறாள், நீ வெக்கங்கெட்டது." இதில் வன்மம் இல்லை, பலருக்கு இது கொஞ்சலில் சேர்த்தி. ஆனால் இந்த வயதுப் பிள்ளைக்கு வெட்கம் என்பது தாங்கமுடியாத ஒன்று. எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள், தான் அதற்குத் தயாராக இல்லை, நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்ற உணர்ச்சி அது. எரிக்சன் இதைப் பற்றிச் சொன்ன ஒன்று எனக்குப் பெரிய விசயமாகப் படுகிறது: அளவுக்கு மிஞ்சி வெட்கப்படுத்தினால் பிள்ளைக்கு ஒழுக்கம் வராது. ஆள் காணாமல் செய்துவிட்டுத் தப்பிக்கிற பிடிவாதம்தான் வரும். பெரியவர் முன்னால் பெட்டிப்பாம்பாக இருந்து, படலையைத் தாண்டியதும் வேறு ஆளாகிற பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். வளர்ந்தவர்களையும் தெரியும்.

மலசலம் பழக்குவதும் இதோடு சேர்ந்தது. பெரும்பாலான பிள்ளைகள் ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் இடையில்தான் உடலால் தயாராகின்றன. வருகிறது என்று சொல்லத் தெரிய வேண்டும், கொஞ்ச நேரம் அடக்க முடிய வேண்டும், காற்சட்டையை இறக்கத் தெரிய வேண்டும். "எங்கட காலத்தில ஒரு வயசிலயே பழக்கிப்போட்டம், இப்ப பம்பேர்ஸ் வந்து கெடுத்துப்போட்டுது" என்று அம்மம்மா சொல்வார். அந்தக் காலத்தில் பழகியது பெரும்பாலும் அம்மம்மாதான். பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்த்து, சரியான நேரத்தில் தூக்கிக்கொண்டு போய்க் காலில் இருத்தியது அவருடைய கெட்டித்தனம்.

அதற்காகப் பிள்ளை சொன்னபடி எல்லாம் ஆடவேண்டும் என்று எரிக்சன் சொல்லவில்லை. உறுதியான எல்லை வேண்டும், இன்னும் நிதானம் வராத பிள்ளையை அதனிடம் இருந்தே காக்கவேண்டும் என்றும் சேர்த்தே சொன்னார். கிணறு இல்லாத வளவு இங்கே குறைவு. கிணற்றுக் கட்டில் ஏறுவது பற்றிப் பேச்சுவார்த்தை கிடையாது. அடுப்பு, றோட்டு, மருந்துப் போத்தல், இவற்றுக்கும் கிடையாது. சத்தம் போடாமல், அடிக்காமல், தூக்கி இந்தப் பக்கம் விட்டுவிட வேண்டியதுதான். எத்தனை தடவை போனாலும் அத்தனை தடவை. மற்ற விசயங்களில் தெரிவு கொடுக்கலாம். "குளிப்பமா?" என்று கேட்டால் "மாட்டன்" என்ற பதில் நிச்சயம். "வாளித் தண்ணியில குளிக்கிறியா, பைப்பில குளிக்கிறியா?" என்று கேட்டுப் பாருங்கள். குளிப்பது உங்கள் முடிவு, எதில் என்பது பிள்ளையின் முடிவு. இரண்டு பேருக்கும் மரியாதை மிஞ்சியது.

மூன்றில் இருந்து ஐந்து, ஆறு வயது வரை மூன்றாவது கட்டம். இங்கே முன்முயற்சியும் குற்றவுணர்வும் இழுபடுகின்றன. இப்போது பிள்ளை செய்ய முடியும் என்பதோடு நிற்பதில்லை, திட்டம் போடுகிறது. ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாளும் முடிந்த கையோடு வளவுகளில் இன்னொரு திருவிழா தொடங்கும். குரும்பட்டி பொறுக்கி, ஈர்க்குக் குத்தி, அண்ணாமார் தேர் கட்டிக் கொடுப்பார்கள். நாலு வயதுக்காரர்தான் ஐயர். தோளில் ஒரு துவாய். பால்மாப் பேணி மேளம் ஆகும். "சாமி வருது, தள்ளுங்கோ!" என்று அதட்டல் வேறு. யார் தூக்குவது, யார் கும்பிடுவது, செவ்வரத்தம் பூவை யார் பறிப்பது என்று பெரிய நிர்வாகம் நடக்கும். சண்டையும் வரும், சண்டை தீர்ந்து மறுபடி தேரும் ஓடும். வளர்ந்தவர்களின் உலகத்தில் தானும் ஒரு பங்கு எடுத்துப் பார்க்கிறது பிள்ளை. எரிக்சன் விளையாட்டை மிகவும் பெரிதாக மதித்தார். பெரியவர்கள் யோசித்துத் திட்டமிடுவது போல, பிள்ளை விளையாடித்தான் தன் அனுபவத்தை ஆண்டுகொள்கிறது என்று கருதினார்.

கேள்விகளும் இந்த வயதில்தான். ஏன் நிலா எங்களோடு வருது? கிணத்துத் தண்ணி எங்க இருந்து வருது? செத்தாப் பிறகு அப்பப்பா எப்பிடிச் சாப்பிடுவார்? பதில் தெரியாவிட்டால் "தெரியேல்லை, அப்பா வந்தாப் பிறகு கேட்பம்" என்பது நல்ல பதில்தான். "சும்மா தொணதொணக்காத" என்பது கேள்விக்குப் பதில் ஆகாது; கேட்டதே பிழை என்ற தீர்ப்பு.

இந்த இடத்தில் முன்பள்ளிகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். விஜயதசமி அன்று கோயிலில், பச்சரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிப்பது அழகான சடங்கு. மறுநாளே கொப்பியும் பென்சிலும் கொடுத்து, ஒரு பக்கம் முழுக்க 'அ' எழுதிக்கொண்டு வா என்பது சடங்கில் சேராது. மூன்றரை வயது விரலுக்குப் பென்சிலை ஒழுங்காகப் பிடிக்கும் பலமே இன்னும் வந்திருக்காது. ரீச்சர்மாரில் பலருக்கு இது நன்றாகத் தெரியும். மணலும் சிரட்டையும் களிமண்ணும் போதும் என்று அவர்களே சொல்வார்கள். கொப்பியில் எழுத்து இல்லாவிட்டால், "ஒண்டும் படிப்பிக்கினம் இல்லை" என்று பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றுவது பெற்றோர். சிரட்டையில் மண்பிட்டு அவித்து, "பத்து ரூவா, காசைத் தாங்கோ" என்று கேட்கிற பிள்ளை கணக்கும் மொழியும் பேரம் பேசுவதும் ஒன்றாகப் படிக்கிறது. கொப்பியில் அது தெரியாது.

குற்றவுணர்வு எங்கே வருகிறது? முந்திய கட்டத்து வெட்கத்துக்கு மற்றவர் பார்க்கவேண்டும். குற்றவுணர்வுக்கு யாரும் பார்க்கத் தேவையில்லை. பிள்ளைக்குள்ளேயே ஒரு குரல் பேசத் தொடங்குகிறது. மனச்சாட்சி முளைக்கிற வயது இது. அளவோடு இருந்தால் மிகவும் தேவையானது. ஆனால் நாலு வயதுப் பிள்ளையின் மனதுக்கு, நினைத்ததற்கும் நடந்ததற்கும் இடையில் வேலி இல்லை. தங்கச்சி இல்லாமல் போகட்டும் என்று கோபத்தில் நினைத்த மறுநாள் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தால், தான்தான் காய்ச்சலைக் கொண்டுவந்தது என்று நம்பும். அப்பா வெளிநாட்டுக்குப் போன கிழமை பிள்ளை சாமானை உடைத்து அடி வாங்கியிருந்தால், அதனால்தான் அப்பா போய்விட்டார் என்று ஒரு கதை அதற்குள் ஓடும். வெளியே சொல்லாது. இரவில் படுக்கையை நனைக்கும், அல்லது தேவைக்கு மேலே நல்ல பிள்ளையாக இருக்கும். இரண்டாவதைக் கண்டு நாங்கள் மகிழ்ந்துவிடுகிறோம்.

அப்படிப்பட்ட மனதுக்கு, "பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்", "நீ குழப்படி செய்துதான் அம்மாக்கு வருத்தம் வந்தது" என்று சொல்வது சும்மா வெருட்டு இல்லை. பிள்ளை அதை அப்படியே நம்புகிறது. யாராவது வீட்டை விட்டுப் போனாலோ, நோயில் விழுந்தாலோ, செத்துவிட்டாலோ, கேட்காமலே சொல்லிவிடுவது நல்லது: "இது உன்னால வந்தது இல்லை." ஒருதரம் சொன்னால் போதாது. பிழை செய்தபோதும் செய்த வேலையைத்தான் பேசவேண்டும். பால் கொட்டிவிட்டது, துணி எடுத்துக்கொண்டு வா, சேர்ந்து துடைப்போம். திருத்தக்கூடிய பிழை பிள்ளையை முடக்குவதில்லை. "நீ எப்பவும் இப்பிடித்தான்" என்பதைத் திருத்த அதற்கு வழி இல்லை.

நாலாவது கட்டம் பள்ளிக்கூடத்தோடு தொடங்குகிறது: உழைப்பும் தாழ்வுணர்வும். ஐந்து வயது முடிந்து முதலாம் தரத்துக்குப் போனதும் பிள்ளை தன்னை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடத் தொடங்குகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் அன்றைக்கே விழத் தொடங்கிவிடும். அதைத் தனியாக எழுதவேண்டும், இங்கே விட்டுவிடுகிறேன்.

எரிக்சன் சொன்னதை எல்லாம் வேதவாக்காக எடுக்கவும் தேவையில்லை. அவர் ஆய்வுகூடத்தில் அளந்து சொன்னவர் அல்லர். பிள்ளைகளை உற்றுப் பார்த்து, சிகிச்சை அளித்து, யோசித்து எழுதியவர். வயது எல்லைகள் அண்ணளவானவை. ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும் என்று நேர்கோடாக எடுத்தால் பிழைக்கும். தனித்து நிற்பதை மேற்கத்தியச் சமூகம் கொண்டாடுகிற அளவுக்கு இங்கே கொண்டாடுவதில்லை. நாலு வயதிலும் அம்மாவோடு படுத்து, அம்மம்மாவின் கையால் குழைத்த சோற்றை வாங்குகிற பிள்ளை தன்னாட்சியில் தோற்றுவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். அதே பிள்ளை தன் உடுப்பைத் தானே தெரிவுசெய்து, தம்பியின் கையைப் பிடித்துக் கடைக்குப் போய் மிச்சக் காசை எண்ணிக் கொண்டுவரும்.

இன்னொன்று: ஒரு கட்டத்தில் குறை விழுந்தால் வாழ்க்கை முழுக்கப் போச்சு என்பதும் அவருடைய கருத்து இல்லை. விட்டுப்போனது பின்னால் வேறு உருவத்தில் திரும்பி வரும், அப்போது சரிக்கட்டவும் முடியும். முகாமில் பிறந்து, தாயைச் சரியாகக் காணாமல் வளர்ந்த பிள்ளைக்கு, முன்பள்ளியில் ஒரு ரீச்சர் தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மடியில் இருத்துவது சின்ன விசயம் இல்லை.

கடைசியாக, பிடிவாதத்தையும் வேறு சில அறிகுறிகளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு வயதாகியும் மழலை ஒலியோ, கை காட்டுவது, சுட்டிக்காட்டுவது போன்ற சைகைகளோ இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துக் கதைக்கவில்லை. அல்லது எந்த வயதிலாவது, ஏற்கெனவே வந்த பேச்சோ சிரிப்போ பழக்கமோ திரும்பக் குறைந்துபோகிறது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 'தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்' என்று பொறுத்திருக்காமல், பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கிளினிக் நாளிலேயே குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். காது கேட்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் பிள்ளை வைத்திய நிபுணருக்குக் கடிதம் தருவார்கள்.